தண்ணிக்குக் கழித்த கிலோ

மழை நாளில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்று கிலோ கழிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் அது 2 கிலோ. சாக்குக்கு 1 கிலோ தனி. ஒரு நாள் பேருக்கு 18 கிலோ காட்ட வேண்டும். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு டிசம்பர் லீவில் அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போயிருந்தேன். தராசு முள் 19ஐத் தொட்டது. கணக்குப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 16 என்று எழுதினார். அன்று விடியற்காலையில் தூறல் போட்டதோடு சரி, அப்புறம் நல்ல வெயில். அம்மா சாக்கைத் தராசிலிருந்து இறக்கவில்லை. ஒரு கை கொழுந்தை அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டி, “எம்புட்டுத் தண்ணி இருக்கு? பிழிஞ்சு காட்டுங்க ஐயா” என்றார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 16ஐ வெட்டி 18 என்று எழுதினார். அந்த ஒரு கிலோ சாக்குக்காம்.

இந்தக் கதையை நான் பல வருடங்கள் மறந்தே போயிருந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு ராத்திரி திடீரென்று ஞாபகம் வந்தது. அதற்குள் என் தலைக்குள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. நான் எதை நிறுத்தாலும் கழித்துத்தான் எழுதுவார். ஒரு பாடத்தில் பி வந்ததா? கேள்வி லேசு, கழி. விரிவுரையாளர் என் விடையைப் பார்த்து நல்லது என்றாரா? பாவம் பார்த்துச் சொல்லியிருப்பார், கழி. பல்கலைக்கழகத்துக்கு வந்ததே நுவரெலியா மாவட்டம் என்பதால்தானே, அதற்கு மொத்தமாகக் கழி. கடைசியில் எனக்கு மிஞ்சுவது எப்போதும் அரைப்பேர்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு. எங்கள் தோட்டப் பிரிவில் அதை எடுத்த முதல் பெண் நான். தமிழ் மொழியில் உயர்தரக் கணிதமும் விஞ்ஞானமும் உள்ள பாடசாலைகள் எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து, பிறகு பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போவேன். இரசாயனவியலுக்கு ஒரு வருடம் ஆசிரியரே இல்லை. பழைய வினாத்தாள் கட்டை வைத்து நாங்கள் ஏழு பேர் எங்களுக்குள்ளேயே சமாளித்தோம். முடிவு வந்தபோது ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில்தான் பார்த்தேன். வீட்டில் வைத்துப் பார்க்க சிக்னல் கிடையாது.

அனுமதிக் கடிதம் தோட்ட ஒபீசுக்குத்தான் வந்தது. நாங்கள் இருக்கும் லயத்துக்கென்று, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கென்று, தனி முகவரி இல்லாததால் எல்லோருடைய கடிதமும் அங்கேதான் வரும். யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வருவார்கள். என் கடிதம் அங்கே எட்டு நாள் கிடந்தது. பதிவு செய்யக் கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சம்பள விஷயமாகப் போன பக்கத்துக் காம்பரா மாமா பார்த்து எடுத்து வந்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் இதே நிலைமை என்றால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நம்பகமான ஒரு கடை முகவரியையோ உறவினர் முகவரியையோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்று பதிவெல்லாம் இணையத்தில் வந்துவிட்டாலும் கடிதம் வருவது நின்றுபோகவில்லை.

செய்தி பரவியதும் பத்துக் காம்பரா லயமும் எங்கள் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில்தான் நின்றது. அந்த வாரமே ஹட்டன் டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு அம்மாவைப் பார்த்தேன். அவருடைய மகனும் அதே பரீட்சை எழுதியவர். “உங்களுக்கென்ன, நுவரெலியா டிஸ்ட்ரிக்தானே. குறைஞ்ச மார்க்குக்கே எடுத்துர்றாங்க” என்றார். அவர் மகனும் அதே மாவட்டத்தில் இருந்துதான் எழுதினார் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆனால் அதற்குள் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இத்தனைக்கும் அவர் சிங்களவருமில்லை, கொழும்புக்காரருமில்லை. நம் ஆள், நம் டவுன். மலையகத்துக்குள்ளேயே டவுனுக்கும் தோட்டத்துக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இந்தக் கோட்டா விஷயத்தை விவரமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளை உள்ளே இருந்து அரிப்பது பெரும்பாலும் இதுதான். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் எடுக்கப்படுகிறது. 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி எல்லா மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. கொழும்புக்கும் கண்டிக்கும் அதில் பங்கு உண்டு. மிச்சம் 5 வீதம்தான் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை மட்டுமல்ல, யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டை, அநுராதபுரம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் என்னுடைய இஸட் புள்ளி கொழும்பின் வெட்டுப்புள்ளியைவிடக் குறைவுதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆசிரியரில்லாத ஒரு வருடத்தை எந்த இஸட் புள்ளியும் கணக்கில் எடுப்பதில்லை. அது ஒரு பாடத்தின் சராசரியை உங்கள் புள்ளியிலிருந்து கழித்து, நியம விலகலால் வகுக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். அங்கே மாவட்டம் கிடையாது. நான் பாஸ் பண்ணிய எந்தப் பாடத்தையும் மாவட்டம் பாஸ் பண்ணிக் கொடுக்கவில்லை. இதை நான் எனக்கே சொல்லிப் புரியவைக்க இரண்டு வருடம் எடுத்தது.

2016 கடைசியில் பேராதனைக்குப் போனேன். பதிவுக்குப் போகும்போது அப்பா ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம் கொடுத்து அனுப்பினார். கேட்டவை எல்லாம் அதில் இருந்தன, கேட்காதவையும் இருந்தன. என் தடுப்பூசி அட்டை, அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் தோட்டப் பதிவுத் துண்டு. எங்கள் வீட்டில் ஒரு காகிதமும் குப்பைக்குப் போகாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான தாத்தா, இலங்கைக் குடியுரிமை கிடைக்காமலே கண்ணை மூடினார். அப்பாயி கையில் அடையாள அட்டை வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். நான் இந்த இடத்துக்கு உரியவள்தானா என்ற கேள்வி எனக்கு பதினெட்டு பத்தொன்பது வயதில் மனதில் முளைத்ததல்ல. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தது. அதனால்தான் இதை வெறும் தன்னம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

முதல் மாதம் நான் எங்கேயும் தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. எந்த ஊர் என்றால் ஹட்டன். ஹட்டனில் எங்கே என்றால் டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி. அந்தக் ‘கொஞ்சம்’ பதினாறு கிலோமீட்டர். அம்மா என்ன செய்கிறார் என்றால் வீட்டில் இருக்கிறார் என்றேன். அதைச் சொன்ன அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. 2016 அக்டோபரில்தான் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாள் சம்பளம் 730 ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதில் நான் கொண்டு போன பெட்டியே அம்மாவுக்கு நான்கு நாள் வேலை.

படிப்பு விஷயத்தில் நடந்த ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். முதலாம் செமஸ்டரில் ஒரு காலை விரிவுரை. எல்லாம் ஆங்கிலத்தில். ‘மேட்ரிக்ஸ்’, ‘மேட்ரிக்ஸ்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது. இது கொழும்புப் பிள்ளைகள் டியூஷனில் படித்த ஏதோ ஒன்று, எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றே நினைத்தேன். சுற்றிப் பார்த்தால் எல்லோரும் தலையாட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். இருபது நிமிடம் கழித்து விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு சதுர அடைப்பு போட்டு, இரண்டு நிரை, இரண்டு நிரலில் நான்கு இலக்கங்களை எழுதினார். தாயம்! சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த அதே தாயம். அதில் நான் ஒரு கணக்குக்கூட விட்டதில்லை. சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது. இருபது நிமிடமாக நான் தொலைத்தது ஒரு சொல்லை மட்டும்தான். ஆனால் என் மனது அதற்குள் என்னைப் பெட்டி கட்டி வீட்டுக்கே அனுப்பிவிட்டிருந்தது.

அன்று பின்னேரம் ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கினேன். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அந்த ஆங்கிலச் சொல் காதில் விழுகிற மாதிரியே தமிழ் எழுத்தில். சார்பு என்றால் ஃபங்ஷன். காவி என்றால் வெக்டர். வகையிடல், தொகையிடல், எல்லை, நேர்மாறு என்று போய்க்கொண்டே இருந்தது. முதல் மாத முடிவில் எண்ணிப் பார்த்தேன். 143 சொல். அவற்றில் உண்மையிலேயே எனக்குப் புதிய விஷயம் 30க்கும் குறைவு. மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததற்கு வேறு சட்டை.

நான் இன்று என் மாணவர்களுக்குச் சொல்வதில் இதுதான் முதலாவது. தெரியாது என்பதையும் தகுதியில்லை என்பதையும் ஒரே சாக்கில் போட்டு நிறுக்காதீர்கள். தெரியாது என்பதைக் கொப்பியில் எழுதலாம், எண்ணலாம், ஒவ்வொன்றாக வெட்டலாம். தகுதியில்லை என்பதை எழுதிப் பாருங்கள், அடுத்த வரியில் என்ன எழுதுவது என்றே தெரியாது. எழுத முடியாத ஒன்றுக்கு என்ன மருந்து செய்வது?

ஆனால் ஒன்று. மழை பெய்த நாளில் கொழுந்தில் தண்ணி இருக்கத்தான் செய்யும். என் ஆங்கிலம் உண்மையிலேயே மோசம். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் பெயிலானேன், ரிப்பீட் எழுதினேன். அது மனப்பிரமை அல்ல, நான் சரியாகப் படிக்கவில்லை. “நீ கெட்டிக்காரி, எல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது” என்று சொன்னவர்கள் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. ஒரு சீனியர் அக்காதான் உதவினார். பூண்டுலோயாப் பக்கத்துக்காரர். என் விடைத்தாளைப் போல ஒன்றை எழுதச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “கணக்கு சரியாத்தான் போகுது. கேள்வியைத்தான் தப்பா வாசிக்கிற. ‘ஹென்ஸ்’ன்னு இருந்தா முதல் பகுதி விடையை வச்சுத்தான் செய்யணும் புள்ள, நீ புதுசா ஆரம்பிக்கிற” என்றார். இந்த ஒரு வசனத்துக்காக இன்றைக்கும் அவருக்கு தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆனால் போதும், வகுப்பு முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு பேராதனைச் சந்திக்கு ஓடிவிடுவேன். கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை, ரொசல்ல என்று ரயில் ஏற ஏறக் குளிரும், எனக்கு மூச்சும் சீராகும். வீட்டில் கேட்டால் அம்மாவைப் பார்க்க வந்தேன் என்பேன். பாதி உண்மை. மீதி, சனி ஞாயிறில் எல்லோரும் கூடிப் படிக்கும் இடத்தில் வாய் திறக்க வேண்டி வருமே என்ற பயம். இப்படியே ஓடி ஓடி, யாருக்கு எது புரியவில்லை என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்ற நினைப்பு உடைவதற்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. அம்மாதான் ஒரு நாள் கேட்டார், “அங்க உனக்கு ஏதும் பிரச்சனையா? இல்ல, ரயிலு டிக்கட்டு மலிவாகிப் போச்சா?” அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு தடவைதான் போனேன்.

அப்படி நின்ற முதல் சனிக்கிழமையே ஒன்று நடந்தது. என் அறைத்தோழி மொனராகலைப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கடைச் சிங்களம். இரண்டு பேரும் சேர்ந்து உடைந்த ஆங்கிலத்தில் ஒரு பாஷை உண்டாக்கி வைத்திருந்தோம். அன்று நான் அறைக்குள் நுழைந்தால் அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, “எக்ஸ்கியூஸ் மீ சேர், ஐ ஹேவ் எ குவெஸ்சன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் போய் நின்று அதே வசனத்தைச் சொன்னேன். பிறகு இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். அவள் ஊரிலும் அவள்தான் முதல் ஆளாம். அவளும் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் மொனராகலை டவுன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். விரிவுரையில் தலையாட்டிக்கொண்டே எழுதியவர்களில் இவளும் ஒருத்தி.

இதற்குப் பெயர் இம்போஸ்டர் சின்ட்ரோம் என்று மூன்றாம் வருடத்தில்தான் கேள்விப்பட்டேன். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது. நன்றாகப் படித்து, நல்ல நிலையில் இருந்த 150க்கும் மேற்பட்ட பெண்களோடு பேசிப் பழகி எழுதியது. பட்டமும் பாராட்டும் வாங்கியவர்கள், தாங்கள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் ஒரு நாள் பிடிபடுவோம் என்றும் உள்ளுக்குள் நம்பினார்களாம். வெற்றியை அதிர்ஷ்டத்தின் பேரில் எழுதினார்களாம். வாசித்ததும், அட, இது எங்கள் கணக்குப்பிள்ளை அல்லவா என்றுதான் தோன்றியது. இன்னொன்றும் கவனித்தேன். அவர்கள் அதை ‘சின்ட்ரோம்’ என்று சொல்லவேயில்லை, ஒரு தோற்றப்பாடு என்றுதான் சொன்னார்கள். நோய்ப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்த நோய்ப் பெயரில் உடன்பாடில்லை. தராசு கோணலாக இருக்கும்போது, நிறுக்க வந்தவளுக்கு வியாதி என்று எழுதினால் எப்படி?

இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் என்பவர்கள் 2011இல் வெளியிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாம் வருட மாணவர்களுக்கு, சீனியர்கள் சொன்ன சில விஷயங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் இந்த இடம் நமக்கில்லை என்று எல்லா வகை மாணவருக்கும் தோன்றுகிறது, நாள் போகப் போக அது குறைகிறது என்பதே அதன் சாரம். பிறகு அந்த மாணவர்களையே அடுத்து வருகிறவர்களுக்காகத் தங்கள் அனுபவத்தை எழுதிப் பேச வைத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று வருடத்தில் கறுப்பின மாணவர்களின் புள்ளிகள் உயர்ந்து, வெள்ளையினத்தவரோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஒரு மணி நேரத்தில் அவ்வளவு நடக்குமா என்று எனக்கு முதலில் சந்தேகம்தான். ஆனால் கண்ணாடி முன்னால் நின்ற மொனராகலைக்காரியை நினைத்தால் நம்பத் தோன்றுகிறது. எனக்கு அது ஒரு நிமிடத்தில் நடந்தது.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்குக் குப்பி என்றால் தெரியும். பரீட்சைக்கு முன்னால், விளங்கியவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் இருந்து வந்த பெயர் என்பார்கள். குப்பி விளக்கில் படித்து வந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பு வேறென்ன வேண்டும்! இரண்டாம் வருடத்தில், புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குப்பி செய்யச் சொன்னார் அந்தப் பூண்டுலோயா அக்கா. நான் பெயிலான அதே பாடம். மாட்டேன் என்றேன். “பெயிலானவளுக்குத்தானே எங்க வழுக்கும்னு தெரியும்” என்றார். பதினோரு பேர் வந்தார்கள். என் 143 சொல் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நடுவில் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியவில்லை. தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். யாரும் எழுந்து போகவில்லை, என்னைப் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தார்கள். அன்று ராத்திரிதான் அம்மாவின் மடுவத்துச் சண்டை எனக்கு ஞாபகம் வந்தது. எம்புட்டுத் தண்ணி இருக்கு, பிழிஞ்சு காட்டு.

அதை நான் ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டேன். மனது எதையாவது கழிக்கும்போது ஆதாரம் கேட்பேன். கேள்வி லேசு என்கிறாயா? சரி, வகுப்பில் எத்தனை பேருக்கு அதில் பி வந்தது? விரிவுரையாளர் பாவம் பார்த்தார் என்கிறாயா? அவர் வேறு யாருக்கு அப்படிப் பாவம் பார்த்திருக்கிறார், ஒரு ஆளைச் சொல். பெரும்பாலும் பிழிந்தால் ஒரு சொட்டும் வராது. சில நேரம் வரும். வந்தால் அதைக் கொப்பியில் எழுதி வேலை பார்ப்பேன். கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போகவில்லை, இப்போதும் இருக்கிறார். நிமிர்ந்து பார்த்து எழுதுகிறார், அவ்வளவுதான்.

அம்மாவின் வேலையைப் பற்றி உண்மையைச் சொன்னது குறிஞ்சிக் குமரன் கோயில் படியில் வைத்து, ஒரே ஒரு தோழியிடம். எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. ஒரு ஆளிடம் சொன்னால் போதும், மறைப்பதற்குச் செலவாகிற சக்தி பாதி மிச்சமாகும். இன்னொரு வேடிக்கை. பல்கலைக்கழகத்துக்கு நடுவே போகிற கலஹா வீதியில் நான்கு வருடம் நடந்தேன். அதே வழியில் மேலே மேலே ஏறினால் தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வியாபாரத்துக்காகத் தேயிலை போட ஆரம்பித்த இடம். இது வேறு உலகம் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த ரோட்டின் மறுமுனையில் எங்கள் கதையின் முதல் மலை இருந்திருக்கிறது. நான் அதைத் தெரிந்துகொண்டது பட்டம் வாங்கிய பிறகு.

சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். மஹாபொலப் புலமைப்பரிசிலுக்கோ பர்சரி உதவித்தொகைக்கோ விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். எனக்கு மாதம் 5,000 ரூபாய் கிடைத்தது. இதை வாங்க நமக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்து ஒரு வாரத்தை வீணாக்கிய முட்டாள் நான். விரிவுரையாளரிடம் போக வேண்டுமென்றால் கேள்வியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்; நாக்கு தடுமாறினால் காகிதத்தை நீட்டலாம். முதல் மூன்று வாரத்துக்குள் ஒரு தடவை போய்விட்டால் நல்லது, பிறகு பயம் கெட்டியாகிவிடும். யாராவது உங்களை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், பகிடிவதை செய்தால், அதை உங்கள் மனக்கோளாறு என்று நினைத்து விழுங்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம். அப்புறம், தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்ந்து என்ன என்று தோன்ற ஆரம்பித்தால் அது இந்தக் கட்டுரையில் பேசுகிற விஷயமே இல்லை. உடனே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை கிடைக்கும்.

நான் இப்போது ஹட்டனுக்கு அப்பால் ஒரு பாடசாலையில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளை, போவதற்கு முன் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைப்பேன். பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, நான் பெயிலான கதை, கொப்பிக் கதை, ரயில் கதை எல்லாம் சொல்வேன். அந்தக் கொப்பியைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். சிலர் அதைப் பார்ப்பதேயில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப். போய் இரண்டாவது வாரம்.

“டீச்சர், மேட்ரிக்ஸ்னா என்னா?”

“தாயம்” என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, “அட இதுதானா.” அதற்குக் கீழே தலையில் கை வைத்த ஒரு பொம்மை. உடனே அடுத்த கேள்வி, ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிக்கு மேல் எனக்கும் விளங்கவில்லை.

“இது எனக்குத் தெரியாது புள்ள. நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டு, பழைய பாட நோட்டுகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று தேடப் போனேன்.